விண்டோஸ் அக்டிவேட் ஆகவில்லையா? கீ தேடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கொமினிகேஷன் கடை, ஸ்டூடியோ, அரிசி ஆலைக் கணக்கறை, ரியூசன் நிலையம் என்று வன்னியில் எங்கிருந்து கணினி வந்தாலும், அக்டிவேஷன் பிரச்சினை என்றால் கொண்டுவருபவர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, ஒரு கீ இருக்கா?" பெரும்பாலும் கீ, அதாவது விண்டோஸை அக்டிவேட் செய்யும் 25 எழுத்துக் குறியீடு, தேவைப்படுவதே இல்லை. லைசன்ஸ் அந்த இயந்திரத்துக்குள்ளேயே கிடக்கும், ஏதோ ஒன்று அதை மறித்துக்கொண்டு நிற்கும். அந்த ஏதோ ஒன்றை அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் குறிப்பு. செலவில்லாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில். கீஜென் (பொய்க் கீ உருவாக்கும் மென்பொருள்), அக்டிவேட்டர் (லைசன்ஸ் இல்லாமல் அக்டிவேட் ஆக்கும் கிராக்) வகையறாக்கள் இதில் தீர்வாக வரமாட்டா. அவற்றின் எச்சங்களும் பின்விளைவுகளும் மட்டும் பின்னால் வரும்.

## எந்த அறிகுறிக்கும் முன் இரண்டு நிமிட வேலை

விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ரன் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து எழுத்துகளையும் ஒட்டியபடி அடித்து, ஒரு இடைவெளி விட்டு, கேள்விக்குறிப் பொத்தானில் இருக்கும் சாய்கோட்டைப் போட்டு, அதோடு ஒட்டி டி, எல், ஐ என்று அடியுங்கள் (slmgr /dli). என்டர் கொடுத்தால் சில செக்கன்களில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் மூன்று சொற்களில் ஒன்று இருக்கும். ஓஇஎம் என்றிருந்தால் லைசன்ஸ் லப்டொப்போடு வந்தது. ரீடெயில் என்றால் தனியாக வாங்கியது அல்லது கணக்கோடு இணைந்த டிஜிட்டல் லைசன்ஸ். வொலியூம் என்றால் ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்பட்டது.

பெட்டியைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அக்டிவேஷன் என்று போய், அங்கே காட்டும் பிழை எண்ணின் கடைசி நான்கு எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10 என்றால் இது அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் இருக்கும். கீழே நான் எஃப்074, சி003 என்றெல்லாம் சொல்வது அந்தக் கடைசி நான்கைத்தான்.

## நேற்றுவரை சரியாக இருந்தது, இன்று கேட்கிறது

### பிழை எண் 2எஃப்8எஃப் என்று முடிந்தால்

மூலையில் இருக்கும் மணிக்கூட்டைப் பாருங்கள். ஆண்டு பத்து வருடம் பின்னால் நிற்கும். திகதி பிழைத்தால் அக்டிவேஷன் சேர்வரோடு பாதுகாப்பான இணைப்பு கிடைக்காது. வங்கி இணையத்தளம், மின்னஞ்சல் எல்லாம் அதே நேரத்தில் எச்சரிக்கை காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

திகதியைச் சரிசெய்து, நேரத்தைத் தானாக எடுக்கும் தெரிவைப் போடுங்கள். நேர வலயம் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று இருக்க வேண்டும். வன்னிக்கு நேர வலயக் குழப்பம் புதிதில்லை. 1996இல் இலங்கை மணிக்கூட்டை முன்னே தள்ளியபோது இங்கே பழைய நேரத்திலேயே ஓடினோம், 2006இல்தான் இரண்டும் ஒன்றாயின. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த லப்டொப்பில் லண்டன் நேரமோ டொரொன்டோ நேரமோ இருந்தால், மேலே தெரியும் மணியைக் கையால் திருத்துவது உதவாது. வலயத்தையே மாற்ற வேண்டும்.

கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, மறுநாள் போடும்போது திகதி மறுபடி ஓடிப்போயிருந்தால் மதர்போட்டில் இருக்கும் பட்டன் பற்றரி செத்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். மேசைக் கணினி என்றால் நீங்களே மாற்றலாம்: மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று படம் எடுத்து, ஓரத்துக் கிளிப்பை மெல்லத் தள்ளினால் எழும்பும். லப்டொப்பில் அந்தப் பற்றரி பெரும்பாலும் வயரோடு உள்ளே ஒட்டியிருக்கும், அதைக் கடைக்காரரிடம் விடுங்கள்.

### திகதி சரி, ஆனாலும் சேர்வரைத் தொட முடியவில்லை என்றால்

ரவுட்டரை விட்டுவிட்டுப் போன் ஹொட்ஸ்பொட்டில் ஒரு தடவை முயலுங்கள். அதில் வந்துவிட்டால் பிரச்சினை ரவுட்டரில். எதிலும் வரவில்லை என்றால், "காசு கொடுத்த கீயே ஏறவில்லை" என்ற பகுதிக்குப் போங்கள்.

## வெளிநாட்டு லப்டொப், ஆறு மாதம் நன்றாக ஓடிவிட்டுக் கேட்கிறது

இது எங்கள் பக்கத்துக்கே உரிய நோய். கனடாவில் இருந்து சித்தப்பா கொண்டுவந்திருப்பார், அல்லது பிரான்சில் இருந்து பெட்டியில் வந்திருக்கும். அரை வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் லைசன்ஸ் முடியப்போகிறது என்று எழுதும். பிழை எண் எஃப்074 என்று முடியும், இரண்டு நிமிட வேலையில் எடுத்த படத்தில் வொலியூம் என்று இருக்கும்.

காரணம் எளிது. அந்த லப்டொப் முன்பு ஒரு கம்பனியில் இருந்தது. இந்த வகை லைசன்ஸ் 180 நாளுக்குள் ஒரு தடவையாவது அந்தக் கம்பனியின் சேர்வரைப் பார்க்க வேண்டும். முள்ளியவளையில் இருந்துகொண்டு அது எப்படிப் பார்க்கும்?

### உள்ளே தொழிற்சாலைக் கீ இருக்கிறதா?

விண்டோஸ் 8 காலம் முதல், விண்டோஸோடு விற்கப்பட்ட லப்டொப்களில் கீ மதர்போட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். கம்பனி தன் வொலியூம் விண்டோஸை மேலே போட்டிருந்தாலும் அடியில் அது அழியாது. முதலில் கோப்புகளை வெளி டிஸ்குக்கு எடுங்கள். பிறகு மைக்ரோசொஃப்ட் தளத்தில் இருந்து இறக்கிய நிறுவல் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றிப் புதிதாகப் பதியுங்கள். பதியும்போது கீயையோ எடிஷனையோ (ஹோம், புரோ என்ற வகையை) கேட்காமல் அது தன்பாட்டில் ஓடினால் உள்ளே கீ இருக்கிறது. இன்டர்நெட்டைக் கொடுத்ததும் தானே அக்டிவேட் ஆகும். இப்படி வருகிற லப்டொப்களில் பல இந்த இடத்தோடு வீட்டுக்குப் போய்விடும்.

### பதிந்த பிறகு ஏதோ கம்பனியின் பெயரைக் காட்டி மின்னஞ்சல் கேட்டால்

நிறுத்துங்கள். அந்த லப்டொப் இன்னும் கம்பனியின் பதிவேட்டில் இருக்கிறது. எத்தனை தடவை போர்மட் அடித்தாலும், புது டிஸ்க் போட்டாலும் இதே திரைதான் வரும். புதுக் கீ வாங்கினாலும் தீராது. விடுவிக்கக்கூடியது அந்தக் கம்பனியின் ஐடி பிரிவு மட்டும். சித்தப்பா அங்கேயே வேலை செய்தார் என்றால் இயந்திரத்தின் சீரியல் இலக்கத்தை அனுப்பி, தங்கள் பட்டியலில் இருந்து நீக்கச் சொல்லலாம். பழைய சாமான் விற்பவரிடம் வாங்கியது என்றால் திருப்பிக் கொடுப்பது நல்லது. விண்டோஸுக்கு முன் ஓடும் தொடக்க அமைப்பான பயாஸுக்குப் பாஸ்வேர்ட் கேட்டாலும் இதே கதைதான். இதை உடைத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

### பிரெஞ்சு விசைப்பலகை

பிரான்ஸ் லப்டொப்பில் ஏ, கியூ இரண்டும் இடம் மாறியிருக்கும், டபிள்யூவும் இசட்டும் அப்படியே. மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு, பொத்தானில் அச்சடித்திருப்பதைப் பார்த்துக் கீயை அடித்தால் எல்லாம் பிழைக்கும். விண்டோஸ் கீயின் 25 எழுத்தில் ஆங்கில உயிரெழுத்து ஒன்றும் வராது. பூச்சியம், ஒன்று, ஐந்து என்ற இலக்கங்களும் வரா. நீங்கள் கியூ அழுத்தியபோது ஏ விழுந்தால் விசைப்பலகை அமைப்புத்தான் பிழை. மங்கிப்போன ஸ்டிக்கரை வாசிக்கும்போதும் இது உதவும். பூச்சியம் போலத் தெரிவது டி அல்லது கியூ. 8ஐயும் பி எழுத்தையும், 6ஐயும் ஜி எழுத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

## போர்மட் அடித்த பிறகு அக்டிவேட் ஆகவில்லை

### எஃப்212 அல்லது எஃப்050

எடிஷன் மாறிவிட்டது. லப்டொப் ஹோம் லைசன்ஸோடு வந்திருக்கும், கடையில் கையில் இருந்த பென்டிரைவால் புரோ போட்டிருப்பார்கள். இந்தப் பக்கம் விற்கிற லப்டொப்களில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்ற வகை மிகச் சாதாரணம், அதன் மேல் புரோ போட்டால் கீ பொருந்தாது. புரோ லைசன்ஸ் வாங்க ஓடாதீர்கள். எந்த எடிஷனோடு வந்ததோ அதையே திரும்பப் போட்டால் போதும், காசில்லாத தீர்வு. போர்மட் அடித்துக் கொடுத்த கடைக்கே கொண்டுபோய் "ஹோம் போட்டுத் தாங்கோ" என்று கேளுங்கள்.

விண்டோஸ் 7 ஸ்டிக்கரில் இருக்கும் கீயை 10இலோ 11இலோ போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: முன்பு அது வேலை செய்தது உண்மை. 2023 செப்டம்பரில் மைக்ரோசொஃப்ட் அந்த வழியை மூடிவிட்டது.

### எஃப்211, அல்லது மதர்போட் மாற்றிய பிறகு

இடி விழுந்து போட் போய்விட்டது, புதுப் போட் போட்டோம், இப்போது கேட்கிறது என்பார்கள். கணினிக்கு அது வேறு இயந்திரம். முன்பே மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்திருந்தால், அக்டிவேஷன் பக்கத்தில் இருக்கும் ட்ரபிள்ஷூட்டை அழுத்தி, அண்மையில் வன்பொருளை மாற்றியதாகச் சொல்லும் தெரிவை எடுத்து, பழைய கணினியின் பெயரைத் தேருங்கள். ரீடெயில் என்றால் இதில் வந்துவிடும். ஓஇஎம் என்றால் லைசன்ஸ் பழைய போட்டோடு போய்விட்டது, புதிது வாங்கத்தான் வேண்டும். போட் மாற்றும் விலையைக் கணக்குப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

## மலிவாக வாங்கிய கீ சில மாதத்தில் செத்துவிட்டது

சி003 என்றால் அந்தக் கீயை மைக்ரோசொஃப்ட் தடைசெய்துவிட்டது. சி008 என்றால் அனுமதித்த அளவைவிடக் கூடிய கணினிகளில் அது ஏறியிருக்கிறது. ஒரு கம்பனிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுத்த கீயைப் பிரித்துப் பிரித்து விற்றிருப்பார்கள். விற்றவரைப் பிடித்தால் காசைக் கேளுங்கள், இன்னொரு கீ வேண்டாம், அதுவும் அதே குடும்பம்தான்.

## காசு கொடுத்த கீயே ஏறவில்லை

மேலே உள்ள எதுவும் இல்லை. கீ நல்லது, திகதி நல்லது, எடிஷன் சரி. ஆனாலும் சேர்வரைத் தொட முடியவில்லை என்கிறது, அல்லது ஏறிவிட்டு மறுநாள் போகிறது. "முந்தி ஏதும் கிராக் போட்டதோ?" என்று கேட்டால் முதலில் இல்லை என்பார்கள். கொஞ்சம் கதைத்தால் தம்பியோ மச்சானோ முந்திய வருடம் எதையோ போட்டிருப்பார்.

அக்டிவேட்டர்கள் நான்கு இடத்தில் எச்சம் விட்டுப்போகும். வரிசையாகப் பாருங்கள்.

ஹோஸ்ட்ஸ் கோப்பு முதலாவது. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் இருக்கும். நோட்பாட்டை அட்மினாகத் திறந்து அதை உள்ளே எடுங்கள். ஒன்றும் செய்யாத கணினியில் எல்லா வரியும் ஹாஷ் குறியோடுதான் தொடங்கும். ஹாஷ் இல்லாமல், மைக்ரோசொஃப்ட், அடோபி, ஓட்டோடெஸ்க் என்ற பெயர்களோடு வரிகள் நீளமாக அடுக்கியிருந்தால் அதுதான் மறித்துக்கொண்டு நிற்கிறது. அந்த வரிகளை அழித்துச் சேமித்து, கணினியை நிறுத்திப் போடுங்கள்.

அடுத்து, கம்பனிச் சேர்வர் போல நடிக்கும் பொய்ச் சேர்வரின் முகவரி. கமாண்ட் புரொம்ப்டை அட்மினாகத் திறந்து, மேலே சொன்ன அதே ஐந்து எழுத்தோடு சாய்கோடு போட்டு சி, கே, எம், எஸ் என்று கொடுத்தால் அது அழியும். பிறகு உங்கள் கீயைத் திரும்பப் போடுங்கள்.

மூன்றாவது டாஸ்க் ஷெடியூலர். அந்த வகைச் சேர்வரைக் குறிக்கும் கேஎம்எஸ் என்ற எழுத்துகளோடு ஏதாவது வேலை நேரம் குறித்துக் கிடந்தால் நீக்குங்கள். ஏறிய லைசன்ஸ் மறுநாள் போவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

கடைசி, வைரஸ் தடுப்பில் விலக்குப் பட்டியல். கிராக்கோடு வரும் குறிப்பு அநேகமாக டிஃபெண்டரை நிறுத்தச் சொல்லும், அல்லது ஒரு ஃபோல்டரை விலக்கில் போடச் சொல்லும். வேலை முடிந்ததும் யாரும் அதைத் திரும்ப எடுப்பதில்லை. விலக்குகளை நீக்கிவிட்டு முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

இந்த நான்கும் செய்து சரிவரவில்லை என்றால், அல்லது ஸ்கேனில் ஒன்றுக்கு மேல் பிடித்தால், துப்புரவு செய்துகொண்டிருப்பது வீண் வேலை. கோப்புகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிவதே வழி. பழகாதவர்கள் இதைக் கடையில் கொடுக்கலாம், ஆனால் "கிராக் வேண்டாம், என்ர கீயையே போடுங்கோ" என்று வாயால் சொல்லிவிட்டு வாருங்கள்.

## ஒஃபிஸில் சிவப்புப் பட்டை, எழுத விடுகிறதில்லை

திறக்கலாம், வாசிக்கலாம், பிரின்ட் எடுக்கலாம், ஆனால் திருத்த முடியாது என்றால் அக்டிவேஷன் காலாவதி. முதலில் ஆப்ஸ் பட்டியலில் எத்தனை ஒஃபிஸ் இருக்கிறது என்று பாருங்கள். புது லப்டொப்போடு வந்த மைக்ரோசொஃப்ட் 365 சோதனைப் பதிப்பும், பிறகு போட்ட 2019உம் ஒன்றாகக் கிடந்து அடிபடும். வேண்டாததை நீக்கினால் மற்றது நிமிரும். லப்டொப்போடு முழு ஒஃபிஸும் வாங்கியிருந்தால் அது எந்த மின்னஞ்சல் கணக்கில் ஏறியது என்று யோசியுங்கள். கடைக்காரப் பொடியன் தன் கணக்கைப் போட்டுக் கொடுத்ததும் உண்டு. அப்படியென்றால் அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

ஒஃபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. அதனால் அவை நின்றுபோவதில்லை. "அக்டிவேஷன் முடிந்துவிட்டது" என்று அதைக் காட்டி யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள்.

கடிதமும் விண்ணப்பமும் அடிக்கிற வேலை மட்டும் என்றால் லிப்ரே ஒஃபிஸ் போதும், காசு இல்லை. பாமினியில் அடித்த பழைய கோப்புகளும் திறக்கும், அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் சரி. கிராம அபிவிருத்திச் சங்கக் கணினிகளுக்கு நான் இதைத்தான் போட்டுக் கொடுப்பது.

## டாலி 1, 2, 31ஆம் திகதிகளை மட்டும் ஏற்கிறது

ஆலைக் கணக்கர்கள் பதறுவது இதற்குத்தான். டேட்டா ஒன்றும் போகவில்லை. கணக்கு மென்பொருளான டாலி, லைசன்ஸைக் காணாமல் கல்விப் பயன்முறைக்கு இறங்கிவிட்டது, அதில் இந்தத் திகதிகளுக்கு மட்டும்தான் பதிவு போடலாம்.

பல கணினி இணைத்த இடம் என்றால் லைசன்ஸ் இருக்கும் பிரதான கணினி ஓடுகிறதா என்று பாருங்கள். முதலாளியின் அறையைப் பூட்டிக்கொண்டு போயிருந்தால் மற்ற எல்லாமே கல்விப் பயன்முறைதான். அது ஓடுகிறது என்றால் ஃபயர்வோல் மறிக்கிறதா என்று பாருங்கள். தனிக் கணினி என்றால் இன்டர்நெட்டோடு லைசன்ஸை மறுபடி அக்டிவேட் செய்யலாம், பதிவு செய்த மின்னஞ்சலும் சீரியல் இலக்கமும் வேண்டும். போர்மட் அடிக்க முன், அல்லது வேறு கணினிக்கு மாற முன், பழையதில் லைசன்ஸை சரண்டர் செய்யுங்கள், அதாவது அந்தக் கணினியில் இருந்து விடுவியுங்கள். கணினி எரிந்துபோய் அதைச் செய்ய முடியவில்லை என்றால் விற்பனைப் பங்காளரை அழையுங்கள். அதுவரைக்கும் 1ஆம் திகதியில் எல்லாப் பதிவையும் போட்டு வைக்காதீர்கள், பிறகு பிரிப்பது பெருந்தொல்லை.

## ஸ்டூடியோவில் போட்டோஷொப் கேட்கிறது

சந்தா முறையில் இருப்பவர்கள் இடையிடையே இன்டர்நெட்டில் கணக்கைக் காட்ட வேண்டும். கலியாண சீசனில் இணைப்பே கொடுக்காமல் வேலை செய்துவிட்டு, அல்பம் கொடுக்கிற நாளில் திறக்கவில்லை என்று வருவார்கள். ஹொட்ஸ்பொட் போட்டு உள்நுழைந்தால் சரி. அசல் சிடியில் சிஎஸ்2, சிஎஸ்3 வைத்திருப்பவர்களுக்கு வழி இல்லை, அந்தக் காலத்து அக்டிவேஷன் சேர்வர்களை அடோபி மூடிவிட்டது. சின்ன வேலைகளுக்குப் போட்டோபியாவும் ஜிம்பும் உண்டு.

அறிவியல்நகர்ப் பக்கம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆட்டோகாட் வருடத்துக்கு ஒரு தடவை இதே கேள்வியைக் கேட்கும். மாணவர் லைசன்ஸ் இலவசம், ஒரு வருடம் செல்லும், பிறகு மாணவர் என்று உறுதிப்படுத்திப் புதுப்பிக்கலாம். கிராக் தேட ஒரு காரணமும் இல்லை.

## கீஜென் ஓட்டிய பிறகு கோப்புகள் திறக்கவில்லை

ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் பின்னால் புதிதாக நான்கு எழுத்து. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ரீட்மீ என்று ஒரு எழுத்துக் கோப்பு. அதில் 980 டொலர் கேட்டு, 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் 490 என்று கழிவும் எழுதியிருக்கும், சில பதிப்புகளில் 999உம் 499உம். கிராக், கீஜென் வழியாகப் பரவும் ஸ்டொப் ஜாவு என்ற கப்பம் கேட்கும் வைரஸ் அது.

உடனே இன்டர்நெட்டைக் கழற்றுங்கள். பென்டிரைவ், வெளி டிஸ்க் எதையும் செருகாதீர்கள், செருகியிருந்தால் கழற்றுங்கள். காசு கட்டாதீர்கள். போர்மட்டும் அடிக்காதீர்கள், அந்த ரீட்மீ கோப்பையும் அழிக்காதீர்கள்.

ரீட்மீயின் அடியில் உங்கள் ஐடி இருக்கும். அதன் கடைசி இரண்டு எழுத்து ரி, ஒன்று (t1) என்று முடிந்தால் வைரஸ் தன் சேர்வரைத் தொட முடியாத நேரத்தில் பூட்டியது. அந்தப் பதிப்புக்கான திறப்பு கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் எம்சிசொஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் இலவசமாகத் தரும் மென்பொருள் திறக்கும். இன்றைக்கு இல்லாவிட்டாலும் பிறகு வரலாம், டிஸ்கை வைத்திருங்கள். வேறு எழுத்தில் முடிந்தால் வாய்ப்பு மிகக் குறைவு.

ஸ்டூடியோக்காரருக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. இந்த வைரஸ் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் குழப்பும். சின்னக் கடிதம் முழுதாகப் போய்விடும், ஆனால் ஒரு மணித்தியாலக் கலியாண வீடியோவில் அது தலைப்பகுதி மட்டும். அதே கமெராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று மாதிரிக்கு இருந்தால், பழுதான தலையைத் திருத்திப் பெரும்பகுதியை மீட்கலாம். டிஸ்கின் பிரதி ஒன்றை எடுத்து அதில்தான் முயல வேண்டும், மூலத்தில் கை வைக்கக் கூடாது.

கோப்புகள் நன்றாக இருந்து கணினி மட்டும் மெதுவானாலும் சும்மா இருக்காதீர்கள். இந்த வகை மென்பொருட்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்களைத் திருடிக்கொண்டு போகும். வேறொரு போனில் இருந்து முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு முகநூல் என்று மாற்றுங்கள். பாதித்த கணினியில் இருந்தே மாற்றினால் புதியதும் போய்விடும்.

பிரதேச செயலகம், பாடசாலை, கூட்டுறவுச் சங்கம் போன்ற இடத்துக் கணினி என்றால் உள்ளூர்க் கடையோடு முடிக்காமல் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டுக்கு அறிவியுங்கள். வீட்டுக் கணினி என்றால் டேட்டா மீட்டுப் பழகியவரிடம் டிஸ்கையும் ரீட்மீ கோப்பையும் பூட்டிய கோப்பு ஒன்றின் நல்ல பிரதியையும் கொண்டுபோங்கள். முன்பு வைபரில் யாருக்காவது அனுப்பிய படமோ, மின்னஞ்சலில் இணைத்த கடிதமோ அந்த நல்ல பிரதியாக உதவக்கூடும்.